அத்தை தேடிய கோழி

முட்டை என்ற சொல்லைக்கூடக் குரலைத் தாழ்த்திச் சொல்லும் மயிலாப்பூர் வீடு எங்களுடையது. அந்த வீட்டில் பிறந்த அத்தைக்குக் கோழியே பிழைப்பாகிப்போனது. அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அடையாற்றில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை, அங்கேயே பெண்கள் விடுதியில் வாசம். புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ்களோடுதான் ஓய்வு பெறும்வரை குடித்தனம் நடத்தினாள். எழுபதுகளின் தொடக்கத்தில், எனக்கு எட்டு வயது இருக்கும்போது, அந்தக் குடித்தனமே முறிந்துவிடும் போலிருந்தது. வெளிநாட்டுக் கோழிகளுக்குக் கட்டி வரவைக்கும் வைரஸ் நம் ஊர்க் கோழியிலும் உண்டா என்பது அவளுடைய கேள்வி. அதைப் பார்க்கக் கட்டி உள்ள நாட்டுக்கோழி ஒன்று வேண்டும். அது கிடைக்காவிட்டால் வேறு ஆராய்ச்சிக்குப் போ என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அத்தையா போவாள்?

ஞாயிறுதோறும் தேடக் கிளம்பினாள். துணைக்கு நான். மற்ற வீட்டுப் பெண்களைப் பெண் பார்க்க வருகிறார்கள், நம் வீட்டுப் பெண் கோழி பார்க்கப் போகிறாள் என்று அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து சொல்வார். அத்தை காதில் வாங்கமாட்டாள். நொச்சிக்குப்பத்தில் வலை காயும் இடத்தில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அகப்பட்ட கோழியை எல்லாம் பிடித்துத் தடவிப் பார்ப்பாள். பல ஞாயிறுகள் வெறுங்கையோடு திரும்பினோம். கடைசியில் ஒருநாள், மீன் விற்கிற அம்மாள் ஒருத்தி நொண்டிக்கொண்டிருந்த பெட்டைக்கோழியைக் காட்டினாள். தொடையில் எலுமிச்சம்பழ அளவுக்குக் கட்டி.

"சீக்குக் கோழிய வச்சிக்கினு இன்னாம்மா பண்ணப்போறே? கொயம்புக்குக்கூட ஆவாது. அதோ நல்ல கோழி கீது பாரு."

"இதுதாம்மா எனக்கு வேணும்" என்றாள் அத்தை. அந்தக் கோழியை எனக்குத்தான் சமைத்துப் போடப்போகிறாள் என்று நினைத்தாளோ என்னவோ, அந்த அம்மாள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

ஞாயிறன்று ஆராய்ச்சிக்கூடம் பூட்டியிருக்கும். அன்று மட்டும் கோழி எங்கள் வீட்டில் தங்கவேண்டியதாயிற்று. அம்மா வாசலிலேயே மறித்தாள். அத்தை பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், துவைக்கிற கல்லருகே கோழியைக் கூடை போட்டுக் கவிழ்த்தாள். எத்தனை குடம் கொட்டினாலும் இந்தத் தீட்டுப் போகாது என்று அம்மா புலம்பினாள். சாயங்காலம் ஓர் உருண்டை தயிர்சாதத்தைக் கூடைக்குள் தள்ளியதும் அவள்தான்.

கோழியைக் குணமாக்கிவிடுவாயா என்று அத்தையிடம் கேட்டேன்.

"இல்லடி. கட்டியை எடுத்து அரைச்சு, வடிகட்டி, அந்த ஜலத்தை நன்னா இருக்கற கோழிக்கு ஊசி போடுவேன். அதுக்கும் கட்டி வந்தா உள்ள வைரஸ் இருக்குன்னு அர்த்தம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கூடையையே பார்த்தபடி கேட்டாள்.

"அப்போ ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்குப் போயிடுமா?"

"போகணும் மன்னி. அதுக்குத்தானே இப்படி அலையறேன்."

கோழி கிடைத்த சந்தோஷத்தில் அத்தை அம்மாவின் முகத்தைக் கவனிக்கவில்லை.

மறுநாள் கோழி அடையாற்றுக்குப் போயிற்று. அம்மாவுக்கோ அன்றிலிருந்து மடி ஆசாரம் முற்றிப்போயிற்று. தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய். எனக்குத் தலை பின்னிவிடக்கூட மறுத்தாள். கிட்டே போனால், "தொடாதே, நான் மடி" என்பாள். கோழி வந்த தீட்டைக் கழிக்கிறாள் என்றார் அப்பா. நானும் நம்பினேன். பின்னாத தலையோடு பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அத்தைமேல் கோபம் கோபமாக வந்தது.

சில வாரங்கள் கழித்து அத்தை மைசூர்பாகோடு வந்தாள்.

"வந்துடுத்து மன்னி. ஊசி போட்ட கோழிக்குக் கட்டி வந்துடுத்து."

வியாதி வந்ததற்கு இனிப்பு கொடுத்தவளை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மா கைநீட்டி வாங்கவில்லை. தள்ளி நின்று, தன் தட்டில் வைக்கச் சொன்னாள். அத்தை அந்தத் தட்டைப் பார்த்தாள். மூலையில் தனியாக இருந்த டம்ளரைப் பார்த்தாள். அம்மாவை ஒட்டாமல் எட்ட நின்ற என்னைப் பார்த்தாள்.

"எங்கே மன்னி?" என்று மட்டும் கேட்டாள்.

அம்மா புடவைத் தலைப்பை மார்போடு இழுத்து மூடிக்கொண்டாள்.

டம்ளரில் அம்மா பாதி குடித்துவிட்டு வைத்த காபி இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் டம்ளரில் உதடு படக் குடிப்பதில்லை. அத்தை அதை எடுத்து, விளிம்பில் வாயை நன்றாக வைத்து, மிச்சமில்லாமல் குடித்தாள்.

"அது ஊசியில போனது. தொட்டா ஒட்டாது, எச்சில்லயும் ஒட்டாது. நாளைக்குக் காத்தால என்னோட ஆஸ்பத்திரிக்கு வரேள்."

அம்மா அப்படியே உட்கார்ந்து அழுதாள். மறுநாள் அத்தை அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். மார்பில் இருந்த கட்டியை எடுத்த பிறகு அம்மா வெகுகாலம் இருந்தாள், என் பெண்ணுக்கும் தலை பின்னிவிட்டாள்.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு, டம்ளரை அத்தை எச்சில் பண்ணிவிட்டாளே என்றுதான் அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன். அதை எடுத்துப்போய்ப் புளி போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கழுவி, அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று, அந்தத் தனி மூலையிலேயே கொண்டுவந்து கவிழ்த்தேன்.