காருக்கு அடியில்

போன வாரம் தேனியில் என் காரை சர்வீசுக்கு விட்டிருந்தேன். கண்ணாடிச் சுவரும் காபி மெஷினுமாக, ஆஸ்பத்திரி மாதிரி துடைத்து வைத்த இடம். லிஃப்டில் காரைத் தலைக்கு மேலே ஏற்றிவிட்டு, "வாங்க சார், அடியில வந்து பாருங்க, சஸ்பென்ஷன் புஷ் தேஞ்சிருக்கு" என்று கூப்பிட்டார் அங்கே வேலை பார்த்த இளைஞர். நான் போகவில்லை. "நீங்க சொன்னாச் சரிதான்" என்று தள்ளியே நின்றேன். லிஃப்ட் விழாது என்று புத்திக்குத் தெரிகிறது, கால்களுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் யாரோ வெல்டிங் வைத்தார்கள். பழைய பெயிண்டும் ரப்பரும் சேர்ந்து கருகுகிற வாடை வந்தது. வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாடைக்கு என் மூக்கில் ஒரே ஒரு விலாசம்தான் உண்டு. சின்னமனூரில், மெயின் ரோட்டை ஒட்டி இருந்த காசியின் பட்டறை.

நான் அப்போது பி.காம். முடித்துவிட்டு ஓடைப்பட்டியில் ஓர் உரக்கடையில் வேலை பார்த்தேன். எத்தனை சோப்புப் போட்டாலும் கையில் உர வாடை போகாது. முதல் தடவை பெண் பார்க்கப் போன வீட்டில் காபி வாங்கக் கை நீட்டியதும், பெண்ணின் அப்பா என் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்தார். அந்தச் சம்பந்தம் அத்தோடு போயிற்று. போகட்டும், சொல்ல வந்தது வேறு.

என் அக்கா லூர்துமேரியின் கணவர் ஆரோக்கியம் மச்சான் ஒரு பழைய அம்பாசிடர் வைத்திருந்தார். கல்யாணம், கோயில் திருவிழா, பிரசவம், எல்லாவற்றுக்கும் வாடகைக்கு ஓடும். சவாரி இல்லாத நாளில் திராட்சைத் தோட்டங்களுக்கு உர மூட்டையும் மருந்தடிக்கிற மயில்துத்தமும் அதே காரின் டிக்கியில் போகும். வெளியே பார்த்தால் கார் பளபளவென்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால் மச்சான் தானே துடைப்பார். அடியில் அந்த உர உப்பு இரும்பைத் தின்றுகொண்டிருந்ததை யார் பார்த்தது?

ஒரு மழைக்காலத்தில் கார் பின்பக்கம் இடது புறமாகச் சாய ஆரம்பித்தது. குழியில் இறங்கினால் கிறீச்சென்று ஒரு சத்தம். காசியிடம் கொண்டுபோனோம். காசி டிங்கர் வேலையும் வெல்டிங்கும் பார்க்கிறவர், மச்சானுக்குப் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். பின்சீட்டைக் கழற்றித் தரைவிரிப்பைத் தூக்கினார். பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் பட்டையை வண்டியின் உடம்போடு பிடித்து வைக்கிற பிராக்கெட் அங்கேதான் இருக்கும். காசி ஸ்குரூ டிரைவரை வைத்துச் சும்மா ஓர் அழுத்து அழுத்தினார். தகட்டுக்குள் கைப்பிடி வரை இறங்கிவிட்டது.

"யோவ் ஆரோக்கியம், இது இரும்பு இல்லய்யா, அப்பளம். இத நம்பியா கல்யாணப் பொண்ணயெல்லாம் ஏத்துன?"

மச்சான் சிரித்தார். காசியும் சிரித்தார். அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

துருப்பிடித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து பிராக்கெட்டைப் பற்றவைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கதவுக்குக் கீழே ஓடுகிற சட்டத்துக்கு மரக்கட்டைகளை அண்டைகொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார்கள். எல்லாப் பட்டறையிலும் அப்படித்தான் செய்வார்கள். காசி அடியில் படுத்து வெட்டிக்கொண்டிருந்தார். மச்சான் குத்தவைத்து டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். நான் சின்னமனூரில் அக்கா வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவன், ஸ்டூலில் உட்கார்ந்து இருவருக்கும் ஊர்க்கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெரிய சத்தமெல்லாம் கேட்கவில்லை. பிஸ்கட் நொறுங்குகிற மாதிரி ஒன்று கேட்டது. வெளியே முழுசாகத் தெரிந்த அந்தச் சட்டம் உள்ளே பொடியாகியிருந்திருக்கிறது. கட்டை அதைத் துளைத்துக்கொண்டு மேலே போக, கார் கீழே வந்தது. காசி கத்தவும் இல்லை. "ஆத்தா" என்று ஒரு வார்த்தை. மச்சான் பம்பரைப் பிடித்துத் தூக்கினார். டீக்கடையிலிருந்தவர்களும் ஓடி வந்து தூக்கினார்கள். நான் காசியின் கக்கத்தைப் பிடித்து வெளியே இழுத்தேன். கால்கள் கூடவே வந்தன, ஆனால் அவை அவருடையவை போலவே இல்லை.

முதுகெலும்பு. தேனியில் பார்த்து மதுரைக்கு அனுப்பினார்கள். மதுரையில் மாசக்கணக்கில் வைத்திருந்துவிட்டு, இனி நடக்க முடியாது என்று கட்டிலோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மச்சான் அந்தக் காரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது பட்டறையில் கட்டைமேல் நின்றது, உள்ளே கோழி அடைந்துகொண்டிருந்தது. உடைப்புக்குக் கொடுத்துவிடலாம் என்று ஓர் ஆளிடம் பேசியும் வைத்திருந்தார். அது எப்படியோ காசி காதுக்குப் போய்விட்டது. வரச்சொல்லி ஆள் விட்டார். நானும் கூடப் போனேன். காசியின் மனைவி பேச்சியம்மாள் எங்களை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"காரை ஒடைக்கக் குடுக்கப் போறியாமே?" என்றார் காசி.

"வேற என்ன செய்யச் சொல்ற? அதப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல."

"அப்ப நான் எதுக்குய்யா இப்பிடிக் கெடக்கேன்? பாதி வேல கெடக்கு. முடி."

வேறு வெல்டரை வைத்து முடிக்கிறேன் என்றார் மச்சான். காசி தலையாட்டினார். "நீயும் எங்கூட வெல்டிங் பழகுன ஆளுதான. நீ போ அடியில."

காசியைக் கட்டிலோடு வேனில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். இந்தத் தடவை இரும்புத் தாங்கிகள், அது போதாதென்று பக்கத்தில் கல் அடுக்கு என்று காசி சொல்லச் சொல்ல வைத்தோம். மச்சான் சிலுவை போட்டுக்கொண்டு அடியில் நுழைந்தார்.

"பயமா இருக்கா?" என்று கட்டிலிலிருந்து கேட்டார் காசி.

"இருக்குய்யா."

"இருக்கட்டும். துரு மேல பத்த வைக்காத. நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டு."

அவர் மச்சானைப் பழிவாங்கினாரா, தேற்றினாரா என்று எனக்கு அன்றைக்கும் புரியவில்லை, இன்றைக்கும் புரியவில்லை. மச்சான் புகைக்குள் இருமுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. சாயங்காலம் வெளியே வந்தபோது அவர் முகமெல்லாம் கரி. காசி அவர் கையைப் பிடித்து, பொறி பட்டுக் கொப்புளித்த இடங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

அதன்பின் அந்தக் கார் ஓடியதெல்லாம் பெரும்பாலும் காசிக்காகத்தான். படுக்கைப் புண், மூத்திரத் தாரையில் கிருமி என்று மதுரைக்குப் போய்வந்தபடி இருந்தோம். பின்சீட்டில் பேச்சியம்மாள் மடியில் அவர் தலை இருக்கும். மச்சான் குழி பார்த்துப் பார்த்து ஓட்டுவார். "ஏலே, என் வீட்டுக்காரரக் கேட்டா மதுர ரோட்டுல எந்தப் பள்ளம் எத்தன ஆழம்னு சொல்லுவாக" என்பாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் அவள் அந்தக் காரில் மறுபடி ஏறவே இல்லை.

கடைசித் தடவை, இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் மச்சான் காசியோடு பேசிக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடத்தில் மாங்காய் திருடியது, எந்த வாத்தியார் எப்படி அடித்தார் என்று. பதில் வராதது எங்களுக்கு வித்தியாசமாகப் படவில்லை. மயக்க ஊசி போட்டிருந்தார்கள். சின்னமனூர் வந்து வீட்டு வாசலில் கார் நின்றதும் பேச்சியம்மாள் சொன்னார்:

"ஆண்டிபட்டிக் கணவாயிலயே மூச்சு அடங்கிருச்சு."

மச்சான் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்கவில்லை. "ஏன்த்தா சொல்லல?"

"சொன்னா வண்டிய நிறுத்திருப்பீக. நடுரோட்டுல நிறுத்தி என்ன செய்ய? பேசிட்டு வந்தீக. அவரு கேட்டுட்டு வாற மாதிரி இருந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

அழுகை வெடித்தது இறக்கிக் கிடத்திய பிறகுதான். அடக்கம் முடிந்த மறுநாள் மச்சான் போனபோது, பேச்சியம்மாள் நிலையில் கைவைத்து நின்று, "நீங்க வாங்க. ஆனா அந்தக் காரு இனி எங்க வாசல்ல நிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அன்று நடந்தே வீட்டுக்கு வந்தார் மச்சான். காரை வேறு ஆள்தான் ஓட்டிவந்து அவர் வீட்டுக் கொட்டகையில் விட்டார், அது அங்கேயே நின்றது. நாலு டயரும் மண்ணோடு மண்ணாயின. உடைப்புக்காரன் வந்து வெட்டும்போது, மற்றதெல்லாம் தகரம் கிழிகிற மாதிரி கிழிந்ததாம். மச்சான் பற்றவைத்த இடம் மட்டும் வெட்ட முடியாமல் அவனைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்ததாம். மச்சான் சொல்லவில்லை, அக்கா சொன்னாள்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை, அதற்குப் பக்கத்தில் புரோட்டாக் கடை. கணவாயில் ரோட்டை அகலப்படுத்திவிட்டார்கள், பள்ளமே கிடையாது. பேச்சியம்மாள் மகளோடு திருப்பூருக்குப் போய்விட்டார்.

அவரைப் போன பங்குனியில் தேனி பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டு அவராகத்தான் வந்து பேசினார்.

"ஒங்க மச்சான் நல்லாருக்காகளா?"

"இருக்காக. காதுதான் சரியாக் கேக்கல."

"அந்தக் காரு?"

ஒடைச்சுப் போட்டாச்சு, ரொம்ப வருசமாச்சு என்றேன். அவருக்கு அது சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தேன். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார்.

"ஒரு வார்த்த சொல்லிவிட்டிருக்கலாம்ல" என்றார். "ஒடைக்கிறதுக்கு முன்னாடி வந்து அந்தப் பின்சீட்டுல செத்த நேரம் ஒக்காந்துட்டுப் போயிருப்பேன்."