கரடி இல்லாத நாட்டில் ஒரு கோடாலி

சனிக்கிழமை காலையில் என் அத்தானின் கார் டிக்கியில் முதலில் ஏறுவது தூண்டிலும் இல்லை, இறால் பெட்டியும் இல்லை. ஒரு கைக்கோடாலி. அதைப் பழைய துவாயில் சுற்றி, கைக்குழந்தையைக் கிடத்துவதுபோல ஓரமாகக் கிடத்துவார். அதன் பிறகுதான் மற்றச் சாமான்கள். நார்த்மீட்டில் இருந்து ஹாக்ஸ்பரி ஆற்றுக்கு மீன் பிடிக்கப் போகிறவருக்குக் கோடாலி எதற்கு என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும்: "கரடிக்கு."

ஆஸ்திரேலியாவில் பாம்பு உண்டு, சிலந்தி உண்டு, வடக்கே ஆளை விழுங்கும் முதலைகூட உண்டு. கரடி மட்டும் இல்லை. இதை நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அக்காவைக் கட்டிய நாளில் இருந்து என்னைக் கூடப்பிறந்தவன்போல வைத்திருந்ததால் எனக்கு அவரிடம் வாய் கொஞ்சம் நீளம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் கரடி" என்று பழமொழியை மாற்றி நக்கலடிப்பேன். அவர் கோபிக்க மாட்டார். "எனக்கும் தெரியும் தம்பி. தெரிஞ்சாப்போல கை சும்மா இருக்குமோ?" என்பார். இளவயதில், ஊரில் இருந்தபோது, மடுக் காட்டில் ஒரு கரடி அவருடைய இடது கன்னத்தைக் கிழித்து, அந்தப் பக்கத்துக் கண்ணையும் எடுத்துவிட்டது. சூடு கண்ட பூனை, பாவம், வேறென்ன செய்யும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

கார் நிறுத்துமிடத்தில் இருந்து ஆற்றுக்குப் போக, புதருக்குள் வளைந்து இறங்கும் ஒற்றையடிப் பாதை. கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு அத்தான் முன்னால் போவார். வாளியோடு நான் பின்னால். ஒருநாள் நல்ல இடத்தை யாராவது பிடித்துவிடுவார்களே என்று நான் முந்திக்கொண்டு போனேன். அத்தான் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ஒரு மீனுக்கு இவ்வளவு அவசரமா என்று கோபிக்கிறார் என நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் அந்தக் கோடாலி போய்விட்டது. யாரோ முறையிட்டிருக்க வேண்டும். முகத்தில் தழும்புள்ள கறுத்த மனிதர் ஒருவர் தோளில் கோடாலியோடு நடந்தால் பார்ப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? இரண்டு பொலிஸ்காரர்கள் வந்து, இதை ஏன் கொண்டு திரிகிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். விறகு பிளக்க என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். எங்கள் ஆள் நிமிர்ந்து நின்று கரடிக்கு என்றார். பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் ஆற்றைப் பார்த்தேன். எச்சரித்து அனுப்பினார்கள், கோடாலியை வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை நான் அவர் வீட்டுக்குப் போனபோது அத்தான் இல்லை. அதற்கடுத்த கிழமை போனில், "நீ வராதை. நான் தனியப் போயிட்டு வாறன்" என்றார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் கிழமை முழுக்க நோயாளர் கட்டில் தள்ளுகிற எனக்கு அந்தச் சனிக்கிழமைதான் ஒரே சந்தோஷம். பொலிசுக்கு முன்னால் ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன் என்ற கோபமாக்கும் என்று எண்ணி, அக்காவிடம் போய்ப் பொருமினேன்.

குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிராமலே சொன்னாள்: "கோபமோ? உனக்கு விசரடா. தனியப் போகேக்க அவர் ஒரு நாளும் அந்தக் கோடாலியை எடுத்ததில்லை. நீ வாற நாளிலதான் ஏத்துறவர்."

பிறகு கத்தியை வைத்துவிட்டு மிச்சத்தையும் சொன்னாள். அன்று மடுக் காட்டில் தேன் எடுக்கப் போனது அத்தானும் அவருடைய தம்பியும். கோடாலி வைத்திருப்பவன் முன்னால் போக வேண்டும் என்பது காட்டு வழக்கம். கோடாலி அத்தானின் கையில். தம்பி விளையாட்டாக முந்தி ஓடிவிட்டான். அத்தானின் கன்னம் போனது, தம்பியைக் கரடியிடம் இருந்து இழுத்தெடுக்கப் போன இடத்தில். தம்பி பிழைக்கவில்லை. "கையில ஒண்டும் இல்லாமல் உன்னை அந்தப் பாதையால கூட்டிக்கொண்டு போக அவருக்கு ஏலாது. அவ்வளவுதான்" என்றாள் அக்கா.

எனக்கு அழுகை வந்தது. அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் போய் அவர் காருக்குள் ஏறி இருந்துகொண்டேன். அத்தான் காரைக் கிளப்பினார். "அப்ப சத்தம் போட்டுக்கொண்டுதான் போகவேணும்" என்றார். சத்தம் கேட்டால் கரடி தானாக விலகிவிடுமாம். திடீரென்று எதிர்ப்பட்டால்தான் பாயுமாம். அன்று முழுக்க ஒவ்வொரு வளைவிலும் கை தட்டி, அதட்டி, என்னைப் பின்னால் விட்டு நடந்தார். நானும் சேர்ந்து தட்டினேன்.

இப்போது அவருடைய முழங்கால் அந்தப் பாதையில் இறங்க விடுவதில்லை. மேலே மடக்குக் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு என்னை அனுப்புகிறார். அனுப்பும் முன் போனில் அழைத்து, அதை ஸ்பீக்கரில் போட்டுச் சட்டைப் பையில் வைக்கச் சொல்வார். நான் இறங்கத் தொடங்கியதும் என் நெஞ்சுப் பக்கத்தில் இருந்து அவர் குரல் காட்டை அதட்டும்: "ஓய், விலகு. ஆள் வருது, விலகு." எதிரே வருகிற வெள்ளைக்காரர்கள் திடுக்கிட்டு ஒதுங்கி வழி விடுகிறார்கள். இந்த நாட்டில் கரடி இல்லை என்று நான் இப்போது சொல்வதில்லை. போனின் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு நடக்கிறேன்.