விழுந்த ஏழு கம்புகள்

சிலம்பம் என்றால் இரண்டு பேர் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வது என்றுதான் நினைத்திருந்தேன். எங்கள் தீவில், ஷாதிபூர் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் அப்பாவும் இன்னும் ஆறு பேரும் மாலைதோறும் செய்தது வேறு. ஏழு பேரும் வரிசையாக நின்று, ஒரே நேரத்தில், இல்லாத எதிரியை அடிப்பார்கள். யாரும் அடி வாங்கமாட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

ஏழில் இருவர் தெலுங்கர், ஒருவர் வங்காளி. அதனால் காலடிக்கு எண்ணுவது இந்தியில்: ஏக், தோ, தீன். தன் கம்பைப் பார்க்கக்கூடாது, பக்கத்து ஆளின் மணிக்கட்டைத்தான் பார்க்க வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள்.

அப்பா சுற்றினால் கம்பு கண்ணுக்குத் தெரியாது, காற்றுச் சத்தம்தான் கேட்கும். அப்படிப்பட்டவரை மெதுவாக ஆட வைத்தவர் ஏழில் ஒருவரான என் மாமா, அம்மாவின் அண்ணன். ரங்கத் பக்கம் காட்டில் மரம் இழுத்தபோது சங்கிலியில் மாட்டி, வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவருடைய வேகம்தான் ஏழு பேருக்கும் வேகம்.

"ஒங்கண்ணனுக்காக எல்லாரும் ஆமை மாதிரி ஆடணுமா? குடியரசு தினத்துல மைதானம் பூரா ஜனம் பாக்கும். அவர் கம்பு நழுவுச்சுன்னா ஏழு பேர் மானமும் போச்சு" என்று அப்பா வீட்டில் பொரிந்து தள்ளுவார். அம்மா அவர் தட்டில் மீனை வைப்பாள், அதுவும் வால் துண்டாகப் பார்த்து.

மாமாவுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். ஒருநாள் கம்பைக் கீழே வைத்துவிட்டு, "நான் வெலகிக்கிறேன் மாப்ள" என்றார்.

"பேசாம நில்லுங்க மச்சான்" என்று அதட்டிவிட்டு அப்பா எண்ண ஆரம்பித்தார். "ஏக்..."

விழா அன்று நான் வங்காளித் தோழியோடு முன்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அப்பா கம்பைத் தவறவிட்டதே கிடையாது என்று அவளிடம் இந்தியில் அளந்தும் வைத்திருந்தேன். நாலாவது சுற்றில் மாமாவின் கம்பு நழுவி விழுந்தது. கூட்டம் "அரே" என்று வாயெடுப்பதற்குள், அடுத்த எண்ணுக்கு, மற்ற ஆறு கம்புகளும் தரையில் விழுந்தன. ஒரே சத்தம். அதற்கடுத்த எண்ணுக்கு ஏழு பேரும் குனிந்தார்கள். மறுபடி ஏழு கம்பும் தலைக்கு மேல் சுழன்றன. ஆட்டமே அப்படித்தான் என்று கூட்டம் நினைத்துக்கொண்டது. அன்றைக்கு அதற்குத்தான் அதிகக் கைதட்டல்.

என் மானம்தான் போயிற்று. தோழி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன். "கம்பக் கீழ போடச் சொன்னது யாருப்பா?"

"யாரும் சொல்லல."

"அப்ப எல்லாருக்கும் எப்படித் தெரிஞ்சுது?"

அப்பா கம்பை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டார். "தெரியல பாப்பா. கை தானாப் போட்டிருச்சு."

சுத்தப் பொய் என்று முடிவுகட்டினேன். கம்பைக் கீழே போடும் அந்த ரகசிய அடியைக் கண்டுபிடித்தே தீர்வது என்று, அதன் பிறகு பல நாள் பயிற்சிக்குப் போய் அவர்களோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அது வரவே இல்லை. தினமும் என் கண்ணெதிரே, பக்கத்து மணிக்கட்டைப் பார்த்து, அவர்கள் பழகிக்கொண்டிருந்தது அதைத்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏழு பேரும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறார்கள் என்று, அப்பாவோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.