காலையில் மட்டும் சத்தம் போட்ட ஃபேன்

திண்டுக்கல் நாகல் நகர்ப் பக்கம் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் இருதயநாதன் அண்ணனுக்கு மட்டும் ஒரு திமிர் உண்டு. சிபியுவைக் கொண்டுபோய் மேசையில் வைத்து, என்ன கோளாறு என்று நாம் சொல்ல வாயெடுத்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். "நீங்க பேசாதீங்க, அது பேசட்டும்" என்பார். சுவிட்சைப் போட்டு, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்வார். அரை நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். பின்னாடி ஃபேன் பேரிங் போச்சு. ஒயர் ஒண்ணு இறக்கைல உரசுது. ஸ்க்ரூ லூசு, தகரம் அதிருது. எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதனால் அந்தத் திமிரைத் தெருவே பொறுத்துக்கொண்டது.

அந்தக் காது அவருக்கு நூல் மில்லில் வாய்த்தது. இருபது வயதில் ஃபிட்டராகச் சேர்ந்து பதினோரு வருடம் அங்கே இருந்தார். நூல் சுற்றும் ஸ்பிண்டில்கள் நூற்றுக்கணக்கில் ஒன்றாகச் சுழலும் இரைச்சலுக்குள் எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொல்வார்களாம். பஞ்சு வைத்தால் கெட்டது எது என்று கேட்காதே என்று இவர் வைத்துக்கொள்ளவில்லை. மில் மூடியதும் ஆறு மாதம் ஹார்டுவேர் படித்துவிட்டுக் கடை போட்டார். இப்போது வயது ஐம்பத்தேழு.

இரண்டு வருடமாக அவர் மனைவி ஆரோக்கியம்மாள் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். ஒருநாள் மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது என்னிடமே ஆரம்பித்துவிட்டார்.

"குக்கர் ஆறு விசில் அடிச்சிருச்சு ஃபாரிஸு, பருப்பு கூழாப் போச்சு. பக்கத்துலதான் உக்காந்திருக்காக. காதை டாக்டர்ட்ட காட்டுங்கன்னா கேக்க மாட்டேங்குறாக."

"நான் யோசனைல இருந்தேன்" என்றார் அண்ணன். ஆரோக்கியம்மாள் போனபிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "காது போச்சுன்னா நான் யாரு தம்பி? ஸ்க்ரூவைக் கழட்டி மாட்ட எவனும் வருவான்." அன்றைக்கு அவர் சாப்பிட்டது பாதிதான்.

அந்த டிசம்பரில்தான் ஏஞ்சலின் டீச்சர் வந்தார். தாடிக்கொம்பு ரோட்டில் வீடு, தனியார் பள்ளியில் வேலை. அதுபோக, ஒரு சென்னைக் கம்பெனிக்குப் பாடங்களைக் குரலில் பதிவுசெய்து அனுப்புவார். அவருடைய கம்ப்யூட்டருக்குச் சித்திரை வெயிலில் தூசி தட்டி, ஃபேனுக்கு எண்ணெய் போட்டுக் கொடுத்தவர் இருதயநாதன் அண்ணன்தான்.

"ஃபேன் மெதுவாச் சுத்துறப்ப சத்தம் வருது சார். வேகமா ஓடுனா இல்ல. ரெக்கார்டிங்குக்காக வேகத்தைக் கொறச்சு வைப்பேன், அப்பத்தான். அதுவும்..."

கை உயர்ந்தது. "அது பேசட்டும் டீச்சர்."

மணி பன்னிரண்டு. சிபியு ஓடியது. வேகத்தை இறக்கிப் பார்த்தார். ஒரு ஃபேனை விரலால் நிறுத்திவிட்டு மற்றதைக் கேட்டார். ஸ்க்ரூக்களை முறுக்கினார். ஒயர்களை இழுத்துக் கட்டினார். தகரத்துக்கும் ஃபேனுக்கும் நடுவில் ரப்பர் வைத்தார். "ஒண்ணுமில்ல, கொண்டுபோங்க" என்றார். உண்மையில் அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. பக்கத்தில் போய் நின்ற எனக்கும்தான்.

நாலு நாளில் டீச்சர் திரும்பி வந்தார். மறுபடி மதியம், மறுபடி சத்தமில்லை. இந்தத் தடவை தன் பதிவைச் செல்போனில் போட்டுக் காட்டினார். சத்தம் இருக்கிறது என்று கம்பெனி மூன்று பாடங்களைத் திருப்பி அனுப்பியிருந்தது. அண்ணன் போனைக் காதில் ஒட்டிவைத்துக் கேட்டார். இன்னொரு காதுக்கு மாற்றிக் கேட்டார்.

"என் காதுக்கே கேக்கலைன்னா அங்க ஒண்ணுமில்லைனு அர்த்தம். சத்தம் உங்க மனசுல இருக்கு டீச்சர்."

டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. நேராக என் கடைக்கு வந்து, "அண்ணே, நீங்க கேளுங்க" என்று போனை நீட்டினார். கேட்டேன். அவர் குரலுக்குப் பின்னால் பல்லி கத்துகிற மாதிரி டிக், டிக், டிக். தெளிவாகவே கேட்டது. "டீச்சர் சொல்றது சரிண்ணே" என்று ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருக்கலாம். எதிர்க்கடையிலிருந்து அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த இரைச்சல்ல சரியாத் தெரியலம்மா" என்றேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

டீச்சர் தெருவில் நின்றபடியே வெடித்தார். "காலைல மட்டும்தான் கேக்குதுனு மொத நாளே சொல்ல வந்தேன், யாரு சொல்லவிட்டா? நாலரைக்கு எந்திரிச்சு ரெக்கார்ட் பண்றேன். அஞ்சரைக்குக் கோயில்ல பாட்டுப் போட்டுருவாங்க. அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு. நாளைக்கு வந்து பாருங்க. அப்பவும் என் மனசுலதான் இருக்குன்னா நான் ஒத்துக்கிடுறேன்."

சாயங்காலம் அண்ணன் என் கடைக்கு வந்தார். "தம்பி, காலைல துணைக்கு வாரியா? பனியா இருக்கு." பதினெட்டு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி. பனிக்காகக் கேட்கவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

மார்கழிக் குளிரில் கைவிரல் விறைக்க வண்டியில் போய்ச் சேர்ந்தோம். வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் எரிந்துகொண்டிருந்தது. டீச்சர் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கம்ப்யூட்டரைப் போட்டார். அறைக்குள் அப்படி ஒரு அமைதி. அதற்குள், சிபியுவின் முன்பக்கத்திலிருந்து, டிக், டிக், டிக்.

"கேக்குதா?" என்றார் டீச்சர்.

அண்ணன் கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். குனிந்தார். இன்னும் குனிந்தார். பிறகு கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன நினைத்தேனோ, லேசாகத் தலையாட்டிவிட்டேன்.

"கேக்குது" என்றார்.

மூடியைக் கழற்றி ஒவ்வொரு ஃபேனின் சட்டத்திலும் விரலை வைத்துப் பார்த்தார். முன்பக்க ஃபேனில் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும், முகம் மாறியது. அதை மட்டும் கழற்றி, நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தார். உள்ளே நெய் மாதிரி வெள்ளையாக உறைந்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"தேங்கா எண்ணெ."

அவரே சொன்னார். சித்திரையில் இதைச் சர்வீஸ் செய்த அன்று தையல் மெஷின் எண்ணெய் தீர்ந்துவிட்டதாம். கடையில் தலைக்குத் தேய்க்க வைத்திருந்த தேங்காய் எண்ணெயில் இரண்டு சொட்டு விட்டிருக்கிறார். அந்த வெயிலில் தண்ணீராக ஓடியது, ஃபேனும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. மார்கழி விடியலில் நம் வீட்டுப் பாட்டிலில் உறைகிறதே, அதுபோல ஃபேனுக்குள்ளும் உறைந்துவிட்டது. வேகமாக ஓடினால் எப்படியோ தள்ளிக்கொண்டு போகும். மெதுவாக ஓடினால் சிக்கிச் சிக்கிச் சுற்றும். கடைக்கு வருகிற மதிய நேரத்தில் உருகி, ஒன்றும் தெரியாத பிள்ளையாக ஓடும்.

ஸ்பிரிட் விட்டுத் துடைத்தார். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். மாட்டி, சுவிட்சைப் போட்டு, வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கினார். சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. டீச்சர் அப்பாடா என்று மூச்சுவிட்டார்.

அண்ணன் இன்னும் குனிந்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"நின்னுருச்சா?"

டீச்சர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேட்டுவிட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அண்ணனுக்கே புரிந்தது. இப்போதும் சமாளித்திருக்கலாம். சமாளிக்கவில்லை.

"எனக்கு முன்னாடியும் கேக்கல டீச்சர், இப்பவும் கேக்கல. அன்னைக்கு உங்க போன்லயும் கேக்கல. உங்க மனசுல ஒண்ணுமில்ல. என் காதுலதான் ஒண்ணுமில்ல. தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சிருங்க."

"நின்னுருச்சு சார், நல்லா நின்னுருச்சு" என்று டீச்சர் இரண்டு தடவை, கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அந்தச் சத்தம்தான் அண்ணனை அதிகம் வருத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

திரும்பும் வழியில் கோயில் பாட்டு ஆரம்பித்துவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்தவர் கேட்டார். "அன்னைக்குப் போன்ல உனக்குக் கேட்டுச்சா தம்பி?"

"கேட்டுச்சுண்ணே."

எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

அன்றைக்கே பத்து மணிக்கு அகரத்திலிருந்து மணிமாறன் என்றொருவர் சிபியுவைத் தூக்கிக்கொண்டு அண்ணன் கடைக்கு வந்தார். பழைய வாடிக்கையாளர், வழக்கம் தெரிந்தவர். மேசையில் வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றார். அண்ணன் சுவிட்சைப் போட்டார். கண்ணை மூடவில்லை. நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார்.

"சொல்லுங்க. என்ன சத்தம்? எந்நேரத்துல வருது?"

மணிமாறன் தடுமாறினார். இந்தக் கடையில் அவரிடம் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. என்னவோ இழுத்து இழுத்துச் சொன்னார். அண்ணன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தெருவைத் தாண்டி என் பக்கம் திரும்பினார்.

"ஃபாரிஸு, செத்த நேரம் வந்துட்டுப் போ. என்ன கேக்குதுன்னு நீயும் சொல்லு."

ஜெராக்ஸ் மெஷினை ஓடவிட்டபடியே போனேன்.