கழுத்தில் முள் இல்லாத ஓணான்

1. ஜாடிக்குள் போனது

யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு, ஒரு மியூசியத்தின் பிராணி சேகரிப்புப் பிரிவில் நான் கேம்ப் அசிஸ்டண்டாக இருந்தேன். கூடாரம், ஸ்பிரிட், ஜாடி, லேபிள் எல்லாம் என் பொறுப்பு. பிடித்ததை இனம் கண்டு பெயர் சொல்வது அருளப்பன் சாரின் வேலை. தேவதானப்பட்டிக்காரர். பல வருஷமாக 'ஆக்டிங்'காகவே இருந்தார். அந்த இடத்தை நிரந்தரமாக நிரப்பப் போவதாகவும், புதிதாக எதையாவது கண்டு எழுதினால் அவருக்கே கொடுப்பதாகவும் சூப்பரிண்டெண்ட் துரை சொல்லி அனுப்பியிருந்தார்.

சின்னமனூரிலிருந்து சாமான்களைக் கழுதை மேல் ஏற்றி மேகமலைக்குப் போனோம். ஓணான் பிடிக்கக் குச்சனூர் சடையாண்டியை அமர்த்தினோம். நீளக் கம்பின் நுனியில் தென்னை ஈர்க்கைச் சுருக்காக வளைத்துக் கட்டியிருப்பார். ஓணானின் தலை வழியே அதை மாட்டி வெடுக்கென்று இழுப்பார். குறி தப்பாது.

"சின்னப்புள்ளையில ஓணான் புடிச்சா எங்காத்தா வெளக்கமாத்தை எடுக்கும். இங்கன கூப்புட்டு வச்சுக் கூலி குடுக்குறாக" என்று சிரிப்பார்.

சோலைக்காட்டின் உயரத்தில் பாசி படிந்த மரத்திலிருந்து அவர் பிடித்துக் கொடுத்த ஒன்றை, நிறங்களைக் குறித்துக்கொண்டு ஸ்பிரிட்டில் இட்டோம். ஸ்பிரிட்டில் ஊறினால் நிறம் போய்விடும். சில நாள் கழித்து சார் அதை எடுத்து லென்ஸின் கீழே வைத்தார். அந்த மலைகளில் ஏற்கெனவே தெரிந்திருந்த ஓணானுக்குக் கழுத்திலிருந்து முதுகு வரை முள்வரிசை விடாமல் ஓடும். இதற்குக் கழுத்தில் ஓர் இடைவெளி. செதில்களைத் திரும்பத் திரும்ப எண்ணினார். மற்றதெல்லாம் ஒத்துப்போனது, கழுத்து மட்டும் ஒத்துப்போகவில்லை.

"இது வேற இனம்ப்பா" என்றார். அன்றிலிருந்து அவர் நடையே மாறிப்போனது. மலையின் பெயரையே அதற்கு வைப்பதென்று முடிவு செய்து, வர்ணனையை எழுதத் தொடங்கினார்.

2. மழை விட்ட காலை

ஒரு ஸ்பெசிமன் போதாது என்று மேலும் தேடினோம். மழை பிடித்துக்கொண்டது. விட்ட அன்று காலை, குளிரில் விறைத்துக் கிடந்த ஒன்றைச் சடையாண்டி கையாலேயே எடுத்து வந்தார். அதன் முள்வரிசையில் இடைவெளி இல்லை. சாருக்கு அதிலும் சந்தோஷம்தான். ஒரே மலையில் இரண்டு இனம் என்று எழுதலாம் என்றார். இடைவெளி உள்ள முதல் ஓணான் எந்த மரத்தில் இருந்தது, எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார்.

"அந்தா, அங்கன நிக்கிற மரந்தேன் அய்யா. எப்புடின்னு காட்டுறேன், பாருங்க" என்று கையிலிருந்ததை ஒரு கிளையில் விட்டார் சடையாண்டி. சுருக்கை மாட்டி இழுத்தார். அது ஈர்க்கில் தொங்கிச் சுழன்றது. பெருமையோடு நீட்டினார்.

சார் வாங்கிச் சுருக்கைக் கழற்றினார். கழுத்து முட்கள் நான்கைந்து ஈர்க்கோடு வந்துவிட்டன. ஜாடியில் இருந்ததற்கு எங்கே இடைவெளியோ, அதே இடத்தில் இதற்கும் இடைவெளி.

சார் ஜாடியைக் கொண்டுவரச் சொல்லி, முதல் ஓணானின் கழுத்தை மறுபடி லென்ஸில் பார்த்தார். சின்னச் செதில்கள் என்று அவர் எழுதி வைத்திருந்தவை முட்களின் அடிக்கட்டைகள். என்னையும் பார்க்கச் சொன்னார், பார்த்தேன்.

"அப்ப அது புது ஓணான் இல்லீகளா அய்யா?" என்றார் சடையாண்டி.

"பழசுதான்."

"நாந்தேன் கெடுத்துப்புட்டனா?"

"நீ புடிச்சுக் குடுத்த. சரியாப் பாக்காதது நான்."

எழுதியதை நான்காக மடித்து அடுப்பில் போட்டார். லேபிளில் பழைய இனத்தின் பெயரை எழுதி, 'இனம் கண்டவர்' என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார். கையில் இருந்த இரண்டாவது ஓணானையும் ஸ்பிரிட்டில் இடுவதுதான் முறை. நான் ஜாடியைத் திறந்து நீட்டினேன். அவர் அதைப் பாசியின் மேல் விட்டார். குளிரில் ஓட முடியாமல், மொட்டைக் கழுத்தோடு அங்கேயே இருந்தது.

3. மிளகாய் மண்டியில்

இடம் வேறொருவருக்குப் போனது. சார் வேலையை விட்டு ஊருக்கே போய்விட்டார். சில வருஷம் கழித்துத் தேவதானப்பட்டி வழியாகப் போனபோது இறங்கிப் பார்த்தேன். தம்பியின் மண்டியில் உட்கார்ந்து மிளகாய் வற்றலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். சண்டு ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். கை நிற்கவே இல்லை.

பிரிவில் இப்போது சேருகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். சுருக்குப் போடாதீர்கள். மலையில் காலைக் குளிரில் ஓணான் ஓடாது, கையால் எடுங்கள். எப்படிப் பிடித்தீர்கள் என்பதையும் லேபிளில் எழுதுங்கள். வித்தியாசம் கண்ணில் பட்டால், அது பிராணியுடையதா, நம் கை செய்ததா என்று முதலில் கேளுங்கள். எங்களுக்கு அந்தக் கேள்வி காலம் கடந்துதான் வந்தது.

அன்று மண்டியில் சார் மியூசியத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது மட்டும், மிளகாயிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அந்த ரெண்டாவதுக்கு முள்ளு திரும்ப மொளச்சிருக்குமாப்பா?" என்றார்.

அதற்குப் பிறகு எத்தனையோ முறை அந்த மலை ஏறிவிட்டேன். அந்த மரத்தையும் பார்த்தேன். ஓணான்கள் இருந்தன, எல்லாவற்றுக்கும் கழுத்தில் முள் இருந்தது.