நடுத்திட்டில் நின்ற அப்பா

எங்கள் வீடு பெரம்பலூருக்கும் சிறுவாச்சூருக்கும் இடையில், திருச்சி போகும் நாற்கரச் சாலையின் கிழக்குப் பக்கம் இருந்தது. வெங்காயமும் பருத்தியும் போட்டு வந்த இரண்டு ஏக்கர் நிலம் மேற்குப் பக்கம். சாலை பழையபடி ஒற்றையாக இருந்தவரை அப்பா மாட்டைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டில் அந்தப் பக்கம் போய்விடுவார். அகலப்படுத்தி, நடுவில் திட்டு கட்டி அரளி நட்ட பிறகு, வடக்கே ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து, பாலத்துக்கு அடியில் புகுந்து, அதே தூரம் திரும்பி வர வேண்டியிருந்தது. வாசலில் நின்றால் எங்கள் கிணற்று மேடு கண்ணுக்குத் தெரியும். அப்பா அந்தச் சுற்றை வருஷக்கணக்காக நடந்தார். அம்மா இறந்து, அவருக்கு முட்டியும் தேய்ந்த பிறகுதான் நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம்.

மறதி அதற்கப்புறம் வந்தது. முதலில் என் பெயர் போனது, பிறகு அம்மா இறந்தது போனது. கடைசியில் அந்தச் சாலை வந்ததே அவருக்கு மறந்துவிட்டது. மாடுகளை விற்றதும் மறந்துவிட்டது. காலையில் எழுந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போக வேண்டும் என்பார். இது குணமாகாது, தனியாக விடாதீர்கள் என்று திருச்சியில் டாக்டர் சொன்னார்.

தனியாக விடாமல் எப்படி இருப்பது? கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள் நான். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. அரியலூரில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சர் வேலை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்ப ஏழாகிவிடும். பெரம்பலூருக்கு மாற்றல் கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தும் ஒன்றும் நடக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, தன் ஆடுகளுக்கும் சமையலுக்கும் நடுவில், அப்பாவை வந்து வந்து பார்த்துக்கொண்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அன்று பன்னிரண்டு மணி இருக்கும், அக்கா போன் செய்தார். ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். எங்கள் வீட்டுக் கதவு திறந்து கிடந்திருக்கிறது.

"அப்பாவக் காணோம்மா. ஊருக்குள்ளல்லாம் பாத்துட்டேன். நீ வந்துடு" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

அரியலூரிலிருந்து பஸ் ஏறினேன். வெயில் கொளுத்தியது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. பேரளியில் ஒரு பாட்டி மூட்டையை இறக்க நேரமானதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டேன். குத்தகைக்காரருக்குப் போன் செய்தேன். நிலத்தில் இல்லை, கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டேன் என்றார். சாலையைப் பாருங்கள் என்றேன். வரப்பிலிருந்து பார்த்துவிட்டு, யாரும் தெரியவில்லை என்றார். போலீசுக்குச் சொன்னேன். சட்டை என்ன நிறம் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. காலையில் அவருக்குச் சட்டை மாட்டிவிட்டவளே நான்தான்.

அந்தப் பஸ்ஸில் எனக்குள் ஓர் எண்ணம் வந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நடக்க வேண்டியது ஒரே அடியாக நடந்து முடிந்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். உடனே வேண்டாம் வேண்டாம் என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

பெரம்பலூர் நாலு ரோட்டில் இறங்கி, திருச்சி பஸ்ஸில் ஏறி, வலது பக்கத்துக் கம்பியைப் பிடித்து நின்றேன். எங்கள் வீட்டு நேருக்கு வரும்போது பார்த்தேன். நடுத்திட்டில், ஆள் உயர அரளிக்குள், ஒரு வெள்ளைத் தலை. இரண்டு கையாலும் செடியைப் பிடித்துக்கொண்டு அப்பா நின்றிருந்தார். பஸ் அதே வேகத்தில் அவரைத் தாண்டிப் போனது.

நிறுத்துங்கள் என்று கத்தினேன். பின்னால் வண்டி வருகிறது, சட்டென்று நிறுத்த முடியாது என்றார் கண்டக்டர். என் அப்பா ரோட்டு நடுவில் நிற்கிறார் என்றதும் விசிலை ஊதினார். அதற்குள் அரைக் கிலோமீட்டர் போய்விட்டது. இறங்கி, சாலையோரமாகவே திரும்பி ஓடினேன். செருப்பு அறுந்தது. கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். தார் காலைச் சுட்டது.

அவருக்கு நேராக வந்து நின்றபோது எங்களுக்கு நடுவில் இரண்டு வண்டி அகலம்தான் இருந்தது. காரும் பஸ்ஸும் லாரியும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. ஒரு வண்டியும் வேகத்தைக் குறைக்கவில்லை. "அப்பா, அங்கயே இருங்க" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அத்தனை மாதத்தில் அவர் என்னை அடையாளம் கண்டது அப்போதுதான். செடியை விட்டுவிட்டு, என்னிடம் வருவதற்காகத் திட்டிலிருந்து ஒரு காலை இறக்கினார்.

ஹாரன் ஒன்று நீளமாகக் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது அவர் திட்டின் மேல் உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்ட ஒரு பெண், அவர் வேட்டியை இடுப்போடு சேர்த்துப் பிடித்திருந்தார். திட்டில் செடி வெட்டிக்கொண்டே அந்தப் பக்கம் வந்தவர் போலிருக்கிறது. கத்தரிக்கோல் இன்னொரு கையில் இருந்தது.

அப்பா என்று மறுபடியும் கூப்பிட்டேன். அவர் எழுந்திருக்கப் பார்த்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"நீ கூப்புடாத தாயி. நீ நின்னா அவரு எறங்கிடுவாரு. அந்தாண்ட மறைவாப் போ. எங்க தண்ணி வண்டி வருது, அதுவரைக்கும் நான் புடிச்சிக்கறேன்."

நான் சாலையோரச் சரிவில் இறங்கி, ஒரு கருவேல மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தேன். என் அப்பா என்னைப் பார்த்துவிடக் கூடாது என்று ஒளிந்துகொண்டேன். அவர் கூப்பிடுவது வண்டிச் சத்தத்துக்கு இடையில் விட்டு விட்டுக் கேட்டது. "பாப்பா, பாப்பா" என்றார். என் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிடுவார். நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் டேங்கர் லாரி வந்ததும் டிரைவர் அதைச் சாலையில் குறுக்காக நிறுத்தி, சிவப்புக் கொடியை ஆட்டி மற்ற வண்டிகளை நிறுத்தினார். அந்தப் பெண் அப்பாவின் தோளைப் பிடித்து நடத்திக் கூட்டி வந்தார். அப்பா காலில் ஒரு செருப்புதான் இருந்தது. உதடு வெடித்திருந்தது. வேட்டி நனைந்திருந்தது. நின்ற வண்டிகளிலிருந்து ஒருவர் போனில் படம் எடுத்தார்.

"ரொம்ப நேரமா நிக்கறாரு போல. பாதி தாண்டிட்டாரு, மீதி தாண்ட முடியல. அவ்வளவு வண்டி போவுது, ஒருத்தரும் நிக்கலயே" என்றார் அந்தப் பெண். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அதற்குள் நான் யாரென்று மறந்திருந்தது. "மாடு தண்ணி குடிக்கலங்க. என்னய அந்தாண்ட கொண்டுபோயி வுட்டுடுங்க" என்று என்னை யாரோ போல மரியாதையாகக் கேட்டார்.

மறுநாள் வாசல் கேட்டுக்குப் பூட்டு வாங்கினேன். பகலெல்லாம் அவர் அந்தக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் திறந்துவிடும்படி கேட்பதாக அக்கா சொன்னார். ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு அரியலூரில் என் அலுவலகத்துக்குப் பின்தெருவில், மாடியில் ஒரு வீடு பிடித்து அவரைக் கூட்டி வந்துவிட்டேன். மத்தியானம் வந்து சோறு ஊட்டிவிட்டுப் போக முடிகிறது. ஜன்னலில் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். சாலை தெரியாது.

முதல் சில வாரம் "இது யாரு வூடு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நம்ம வீடுதான் என்பேன். இல்லை என்று தலையாட்டுவார். இப்போது கேட்பதில்லை. மாட்டைப் பற்றியும் பேசுவதில்லை. உட்கார வைத்தால் உட்கார்ந்திருக்கிறார், படுக்க வைத்தால் படுத்திருக்கிறார். அலுவலகத்தில் எல்லோரும் நல்ல முடிவு எடுத்தாய் என்கிறார்கள். அவர் என்னைப் பாப்பா என்று அதற்கப்புறம் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை.