ஐஸ் பெட்டியில் பொரித்த குஞ்சுகள்

எங்கள் வீட்டு ஐஸ் பெட்டி பன்னிரண்டு ஆண்டு உழைத்துவிட்டு, ஒரு தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு நின்றுபோனது. ரிப்பேர்காரர் வந்து பின்பக்கம் கையை வைத்துப் பார்த்தார். கம்ப்ரசர் போய்விட்டது, புதிதாக வாங்குவதே நல்லது என்றார். புதியது வந்தது. பழையதை எங்கள் புந்தோங் வீட்டின் பின்கட்டில், துணி துவைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் தள்ளிவைத்தோம். பழைய இரும்பு வாங்குபவர் வந்தால் தூக்கிக் கொடுத்துவிடலாம் என்பது என் வீட்டுக்காரரின் எண்ணம்.

இரும்புக்காரருக்கு முன்னால் என் அக்கா வந்தாள். அவள் கோப்பெங் பக்கம், நாங்கள் பிறந்த தோட்டத்திலேயே இருக்கிறாள். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை போட்டு வெகுகாலம் ஆகிறது. தொழிலாளர் லயத்து வீடுகளில் ஆறு குடும்பங்கள்தான் மிச்சம். காலையில் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமையல், மதியத்துக்கு மேல் கோழி வளர்ப்பு, இதுதான் அவள் வாழ்க்கை. கம்பத்து நாட்டுக்கோழிகள். கூடு கட்டிக் கொடுத்தாலும் புதரில் போய்த்தான் அடைகாக்கும். அங்கே பியாவாக் வந்து முட்டைகளை விழுங்கிவிடும். நாய் அளவு நீளமுள்ள உடும்பு அது. அந்த ஆண்டு அவளுக்கு ஒரு குஞ்சுகூட மிஞ்சவில்லை என்று சொல்லிக்கொண்டே முறுக்கு சாப்பிட்டாள்.

நான் ஜெலாப்பாங்கில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் பதினெட்டு ஆண்டாக வேலை செய்கிறேன். தட்டு தட்டாக மின்சுற்றுப் பலகைகளைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, இத்தனை மணி நேரம் இத்தனை டிகிரியில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் என் வேலை. அக்கா பேசப் பேச, என் கண் பின்கட்டுப் பக்கம் போனது. குளிரை வெளியே விடாத பெட்டி சூட்டையும் வெளியே விடாதுதானே?

அதில் முட்டை பொரிக்கவைக்கலாம் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோழி செய்யிற வேலைய ஐஸ் பெட்டி செய்யுமாடி? சரி, முட்டை தாரேன். வீணாப் போனா நீயே வந்து என் கோழிங்ககிட்ட சொல்லிக்கோ."

ரிப்பேர்காரரைத் திரும்பக் கூப்பிட்டுக் கேஸை முறைப்படி எடுக்கச் சொல்லி, கம்ப்ரசரைக் கழற்றினோம். மேல்தட்டில் இரண்டு குண்டு பல்புகள் மாட்டினேன். சூடு ஏறினால் பல்பை அணைத்து, இறங்கினால் எரியவைக்கும் சின்னக் கருவி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். காற்று போக என் வீட்டுக்காரர் பக்கவாட்டில் துளைகள் போட்டார். அவர் லாரி ஓட்டுபவர்; எதையும் கொஞ்சம் பெரிதாகவே செய்வார். துளைகளும் பெரிதாகிவிட, பாதியை டேப் ஒட்டி அடைத்தேன். கீழே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தேன். அக்கா கொடுத்தனுப்பிய இருபத்து நான்கு முட்டைகளையும் இரண்டு தட்டுகளில் அடுக்கி, ஒரு பக்கம் பென்சிலால் கோடு போட்டு, நாளொன்றுக்கு மூன்று முறை திருப்பிவைத்தேன்.

இருபத்தொன்றாம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இருபத்து நான்காம் நாளும் இல்லை. உடைத்துப் பார்த்தபோது மேல்தட்டு முட்டைகள் பாதி வளர்ந்து நின்றிருந்தன. கீழ்த்தட்டில் வளர்ச்சியே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூட்டை அளக்கும் கம்பியைப் பல்புக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தேன். மேலே கொஞ்சம் சூடானதுமே பல்பு அணைந்துவிட, கீழே இருந்தவை குளிரிலேயே கிடந்திருக்கின்றன. தொழிற்சாலையில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதல் நாள் சொல்லிக்கொடுப்பதே இதைத்தான்.

அக்காவுக்குப் போன் செய்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவளோ, கோழியும் சில சமயம் கெடுத்துவிடத்தான் செய்யும், அடுத்த வாரம் முட்டை கொண்டுவருகிறேன் என்றாள். அந்த ஒரு பேச்சுக்காகவே இந்த முறை ஜெயித்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

பழைய கம்ப்யூட்டரின் காற்றாடியைக் கழற்றி உள்ளே மாட்டினேன். அளக்கும் கம்பியை முட்டை மட்டத்துக்கு இறக்கினேன். முட்டை வைப்பதற்கு முன் இரண்டு நாள் வெறும் பெட்டியை ஓடவிட்டு, மூலைக்கு மூலை சூடு பார்த்தேன். எல்லா இடத்திலும் முப்பத்தேழரை. பிறகுதான் அக்கா கொண்டுவந்த புது முட்டைகளை அடுக்கினேன். ஏழாம் நாள் விளக்கை அணைத்துவிட்டு, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். சிவப்பு நரம்புகள் சிலந்தி வலை மாதிரி ஓடின. நடுவில் ஒரு புள்ளி துடித்தது. என் வீட்டுக்காரர் அந்த முட்டையைத் திரும்பத் திரும்ப வாங்கிப் பார்த்தார். இருபத்தொரு முட்டைகளில் உயிர் இருந்தது. அதற்குப் பிறகு அவர் பினாங்குக்கு லாரி ஓட்டிப் போனாலும், முட்டையைத் திருப்பிவிட்டாயா என்று போன் வந்துவிடும்.

இருபதாம் நாள் சனிக்கிழமை. எனக்கு லீவு. குஞ்சு வருவதைப் பார்க்க அக்கா காலையிலேயே பஸ் பிடித்து வந்துவிட்டாள். மதியம் ஒரு முட்டையில் அரிசியளவு விரிசல் விழுந்தது. காதை வைத்தால் உள்ளே மெல்லிய சத்தம். அக்கா நாற்காலியைக் கொண்டுவந்து பெட்டிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

இரண்டு மணிக்கு மழை பிடித்தது. ஓர் இடி இடித்தது, கரண்ட் போய்விட்டது. எங்கோ மரம் கம்பிமேல் விழுந்துவிட்டதாம், வர ராத்திரி ஆகும் என்றார்கள் பக்கத்து வீட்டில். பெட்டி சூட்டை நன்றாகத்தான் பிடித்துவைத்தது. இருந்தாலும் முப்பத்தேழரை முப்பத்தைந்தானது. அடுப்பில் வெந்நீர் வைத்துப் பாட்டில்களில் ஊற்றி உள்ளே வைத்தோம். கதவைத் திறக்கும்போதெல்லாம் இருந்த சூடும் போனது. முப்பத்துமூன்று வந்ததும் எனக்கு அழுகை முட்டியது.

அக்கா சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள்.

"ரோட்டோரக் கடையில லைட்டு எரியுதுடி. அங்க போலாம்."

அது நாங்கள் தினமும் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக், கட்டி வாங்கும் சாப்பாட்டுக்கடை; அந்தப் பக்கத்துக்குக் கரண்ட் வேறு லைனில் வருகிறது. கடைக்காரர் ராமநாதபுரத்துப் பக்கம் பூர்வீகம் உள்ள தமிழ் முஸ்லிம், எல்லோரும் அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். மீன் வாங்கிவரும், வெள்ளை நுரையாலான பொலிஸ்டரின் பெட்டியில் வெந்நீர்ப் பாட்டில்களை அடுக்கி, நடுவில் துண்டில் சுற்றி முட்டைகளை வைத்தேன். அக்கா குடை பிடித்தாள். தான் நனைந்து, பெட்டிக்கு மட்டும் குடை பிடித்தாள்.

அந்தக் கடையில் பொரித்த கோழியைச் சூடாக வைக்க, உள்ளே பல்பு எரியும் கண்ணாடிப் பெட்டி ஒன்று கல்லாவுக்குப் பின்னால் இருக்கிறது. அதன் மேல்பக்கம் எப்போதும் கதகதவென்று இருக்கும். விஷயத்தைச் சொன்னேன். நானா பெட்டியைத் திறந்து பார்த்தார், என்னைப் பார்த்தார், கண்ணாடிக்குள் இருந்த கோழித் துண்டுகளைப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி, கீழ நான் பொரிச்சது, மேல நீ பொரிக்கிறது. சரியா வருமாலா?"

சொல்லிக்கொண்டே மேலே இருந்த தட்டுகளை இறக்கி இடம் பண்ணிவிட்டார். தெர்மாமீட்டரை வைத்தேன், நாற்பத்தொன்று காட்டியது. நானா சுத்தமான மேசைத்துணி இரண்டைக் கொடுத்தார். அவற்றை மடித்துப் போட்டதும் முப்பத்தெட்டில் நின்றது. ஈரத்துண்டைச் சுற்றிவைத்து முட்டைகளை அடுக்கினோம்.

மழைக்கு ஒதுங்கியவர்களால் கடை நிறைந்திருந்தது. கல்லாவுக்குப் பக்கத்து மேசையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் இரண்டு முறை தன் போனை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். மூன்றாவது முறை, யாருடைய போனோ அடிக்கிறது, எடுங்கள் என்றார். போன் இல்லை, கோழிக்குஞ்சு என்று நானா விளக்கினார். அவ்வளவுதான். மேசை மேசையாக எழுந்து வந்தார்கள். நானா யாரையும் கல்லாவைத் தாண்ட விடவில்லை. பந்தாட்டம் ஓடிக்கொண்டிருந்த டிவியின் சத்தத்தைக் குறைத்துவைத்தார்.

ஐந்து மணி வாக்கில் முதல் முட்டையின் மூடி தனியாக வந்தது. ஈரமாக, கறுப்பாக, கழுத்து நிற்காமல் ஒரு குஞ்சு சரிந்து விழுந்தது. நான் கை நீட்டினேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தானாக எழுந்திருக்கட்டும் என்றாள். குஞ்சு தலையைத் தூக்கி, மேலே குனிந்திருந்த அவள் முகத்தைப் பார்த்துக் கீச்சென்றது. தே தாரேக் பெரியவர் கைதட்டினார்.

ஏழு மணிக்குக் கரண்ட் வருவதற்குள் இன்னும் மூன்று வந்துவிட்டன. எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தோம். மறுநாள் மதியத்துக்குள் மொத்தம் பதினெட்டு. மூன்று முட்டைகள் திறக்கவே இல்லை. அக்கா அவற்றை உடைக்க விடாமல், பின்கட்டுப் பப்பாளி மரத்தடியில் புதைத்தாள்.

குஞ்சுகளை அவள் தோட்டத்துக்குக் கொண்டுபோன நான்காம் நாள் போன் வந்தது. அவள் தண்ணீர்க் குழாய்க்குப் போனால் வரிசையாகப் பின்னால் வருகின்றனவாம், துணி காயப்போட்டால் காலைச் சுற்றுகின்றனவாம், நின்றால் செருப்புமேல் ஏறித் தூங்குகின்றனவாம். ஒரு வேலை செய்ய விடுவதில்லை என்று பத்து நிமிடம் குறைப்பட்டுக்கொண்டாள். அப்புறம், யாரோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோலக் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து கேன்டீனுக்குப் போகவே மனசு வரல. இதுங்க தேடும்லா."